பழைய டிராக்டரில் டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர்

நாற்றங்காலில் நாற்று பறிப்புக்குத் தயாராக நிற்கிறது. வாய்க்காலில் முறைத் தண்ணீரும் வந்துவிட்டது. விடியற்காலையில் சேற்றுழவுக்குப் புறப்படலாம் என்று டிராக்டரின் சாவியைத் திருப்பினால், ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரு முறை முனகிவிட்டு நின்றுவிடுகிறது. ஆட்களைக் கூப்பிட்டுத் தள்ள வேண்டும். அல்லது பக்கத்து ஊரிலிருந்து வேறு பாட்டரி கொண்டுவர வேண்டும். அதற்குள் பாதிப் பொழுது கழிந்துவிடும். முறைத் தண்ணீரும் அடுத்தவர் வயலுக்குப் போய்விடும்.

பழைய டிராக்டரைக் கைமாற்றாக வாங்கி உழும் சிறு விவசாயிகள் பலருக்கு இது தெரிந்த தொல்லைதான். பாட்டரி கெட்டுவிட்டது என்று புதியது வாங்குவார்கள். ஓர் ஆண்டு கழிவதற்குள் அதுவும் கெட்டுவிடும். குற்றம் பெரும்பாலும் பாட்டரியில் இல்லை. பாட்டரிக்கு மின்சாரம் ஊட்டும் முறையில் இருக்கிறது. இத்தகைய டிராக்டர்களில் டைனமோவை எடுத்துவிட்டு, காரில் வரும் ஆல்டர்னேட்டரைப் பொருத்திக்கொள்ளலாம். ஆனால் இது பழைய வயர்களைப் புதிய கருவியில் மாட்டிவிடும் வேலை அன்று. டைனமோ பொறுத்துக்கொண்ட பல தவறுகளை ஆல்டர்னேட்டர் பொறுத்துக்கொள்ளாது. ஒரு நொடித் தவறில் புதுக் கருவி கருகிவிடும். ஆகவே வேலையைத் தொடங்கும் முன் முறையைத் தெளிவாக அறிந்துகொள்ளுதல் நல்லது. டைனமோ உள்ள பழைய அம்பாசிடர் கார், ஜீப் போன்றவற்றுக்கும் இதே முறை பொருந்தும்.

இரண்டுக்கும் என்ன வேறுபாடு?

காந்தப் புலத்தில் கம்பிச் சுருள் அசைந்தால் அதில் மின்சாரம் தோன்றும் என்பதை 1831-ல் மைக்கேல் பாரடே கண்டறிந்தார். டைனமோ, ஆல்டர்னேட்டர் இரண்டுமே இந்த அடிப்படையில்தான் இயங்குகின்றன. டைனமோவில் காந்தச் சுருள் நிலையாக நிற்கிறது; மின்சாரம் உண்டாக்கும் ஆர்மேச்சர் சுழல்கிறது. உண்டான மின்சாரம் முழுவதும் கம்யூட்டேட்டர், கார்பன் பிரஷ் ஆகியவற்றின் வழியாகவே வெளியே வரவேண்டும். ஆர்மேச்சரை மிக வேகமாகச் சுழற்றினால் அதன் சுருள்கள் பிய்ந்துவிடும். எனவே டைனமோவுக்குப் பெரிய புல்லி போட்டு, அளவான வேகத்தில்தான் ஓட்ட முடியும். இதன் விளைவு, எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோவிலிருந்து மின்சாரம் ஏதும் பாட்டரிக்குப் போவதில்லை.

ஆல்டர்னேட்டரில் இது தலைகீழ். சிறிய காந்தச் சுருள் நடுவில் சுழல்கிறது. மின்சாரம் உண்டாகும் சுருள்கள் சுற்றிலும் நிலையாக நிற்கின்றன. பிரஷ் வழியாகச் செல்வது சிறு மின்னோட்டமே. ஆகவே இதை மிக வேகமாகச் சுழற்றலாம். சிறிய புல்லி போடலாம். எஞ்சின் மெதுவாக ஓடும்போதே மின்சாரம் கிடைக்கும். இதில் உண்டாவது மாறுதிசை மின்சாரம். அதை நேர்திசை மின்சாரமாக மாற்றும் சிலிக்கான் டயோடுகள் வந்த பிறகே இது வாகனங்களுக்கு ஏற்றதாயிற்று. அமெரிக்காவில் கிரைஸ்லர் நிறுவனம் 1960-ஆம் ஆண்டு வேலியன்ட் காரில் ஆல்டர்னேட்டரைப் பொருத்தியது. பின்னர் மற்ற வாகனங்களுக்கும் டிராக்டர்களுக்கும் இது படிப்படியாகப் பரவியது. நம் நாட்டில் வாகன மின்கருவிகள் செய்வதற்கென்று சென்னை பாடியில் லூகாஸ்-டிவிஎஸ் ஆலை 1961-ல் தொடங்கப்பட்டது.

டயோடு என்பது கிணற்றுக் குழாயின் அடியில் உள்ள புட்வால்வு போன்றது. ஒரு பக்கமே போகவிடும், திரும்ப விடாது. டைனமோ முறையில் இந்த வேலையைக் ‘கட்டவுட்’ என்று மெக்கானிக்குகள் சொல்லும் தனிப் பெட்டி செய்கிறது. வோல்டேஜைக் கட்டுப்படுத்துவதும் அதே பெட்டிதான். ரெகுலேட்டர் உள்ளேயே அமைந்த ஆல்டர்னேட்டருக்கு இந்தப் பெட்டி தேவையில்லை.

கணக்குப் பார்த்து முடிவு செய்க

டிராக்டரின் மின் செலவைக் கணக்கிட்டால் உண்மை விளங்கும். முகப்பு விளக்கு இரண்டு, தலா 45 வாட், ஆக 90 வாட். பின்புற உழவு விளக்கு ஒன்று 35 வாட். பின் சிவப்பு விளக்கு இரண்டு, 10 வாட். மீட்டர் விளக்கு முதலியன 5 வாட். மொத்தம் 140 வாட். இதை 12 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 12 ஆம்பியர் வருகிறது. 22 ஆம்பியர் தரும் டைனமோவுக்கு இது பெரிய சுமையன்று என்று தோன்றும். ஆனால் அந்த 22 ஆம்பியர் எஞ்சின் வேகமாக ஓடும்போது மட்டுமே கிடைப்பது.

கரும்பு ஏற்றிய டிரெய்லருடன் ஆலை வாசலில் இரவு மூன்று மணி நேரம் வரிசையில் நிற்க நேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் மெதுவாக ஓடுகிறது, விளக்குகள் எரிகின்றன. 12 ஆம்பியர் வீதம் மூன்று மணிக்கு 36 ஆம்பியர்-மணி செலவாகிறது. 75 ஆம்பியர்-மணி பாட்டரியில் ஏறக்குறையப் பாதி தீர்ந்துவிடுகிறது. மறுநாள் அதே பாட்டரி ஸ்டார்ட்டரைச் சுற்றத் திணறுகிறது. பாட்டரி அடிக்கடி இப்படிப் பாதியாகத் தீர்ந்து கிடந்தால் அதன் தகடுகளில் வெண்படலம் படிந்து, நாளடைவில் பயனற்றுப் போகும்.

இரவு வேலையும் டிரெய்லர் ஓட்டமும் மிகுதியாக உள்ளவர்களுக்கு ஆல்டர்னேட்டர் நல்ல பயன் தரும். பகலில் மட்டும் உழுபவருக்கு, டைனமோவும் நன்றாக இருந்தால், இந்தச் செலவு தேவையில்லை.

முதலில் டைனமோவைச் சோதிக்க

மாற்றுவதற்கு முன் குறை எங்கே என்று பார்க்க வேண்டும். பெல்ட் தளர்ந்திருக்கிறதா, பாட்டரி டெர்மினல்களில் பூஞ்சை போல உப்புப் படிந்திருக்கிறதா, எர்த் வயர் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கவும். பிறகு டைனமோவிலுள்ள ‘டி’, ‘எஃப்’ என்ற இரண்டு வயர்களையும் கழற்றிவிட்டு, அந்த இரு டெர்மினல்களையும் ஒரு துண்டு வயரால் இணைக்கவும். அதற்கும் டைனமோ உடலுக்கும் இடையே வோல்ட் மீட்டரை வைத்து, எஞ்சின் வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டவும். முள் துள்ளாமல் சீராக 12 வோல்ட்டைத் தாண்டினால் டைனமோ நன்றாக இருக்கிறது. குறை கட்டவுட்டிலோ வயரிலோ உள்ளது. இச்சோதனையில் வோல்டேஜைக் கட்டுப்படுத்த எதுவும் இல்லாததால் எஞ்சினை 20 வோல்ட்டுக்கு மேல் போகும்படி முடுக்கக் கூடாது.

பாட்டரியையும் பார்த்துவிட வேண்டும். வண்டி நின்று சில மணி நேரம் கழித்து அளந்தால், முழுதும் ஊட்டப்பட்ட பாட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதி. 12-க்கும் கீழே என்றால் அநேகமாகத் தீர்ந்துவிட்டது. நன்றாகச் சார்ஜ் செய்த பின்பும் மறுநாளே இறங்கிவிடும் பாட்டரியை வைத்துக்கொண்டு புது ஆல்டர்னேட்டர் போடுவது வீண்.

எந்த ஆல்டர்னேட்டர் வாங்குவது?

பழைய பொருள் கடைகளில் பலவகை ஆல்டர்னேட்டர்கள் கிடைக்கின்றன. வாங்கும்போது பின்வருவனவற்றைக் கவனிக்க வேண்டும்.

1. அது 12 வோல்ட் கருவியாக இருக்க வேண்டும். லாரி, பஸ்களில் வருவது பெரும்பாலும் 24 வோல்ட். அது உதவாது.

2. ரெகுலேட்டர் உள்ளேயே அமைந்ததாக இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் கட்டுப்பாட்டில் இயங்கும் புதிய கார்களின் ஆல்டர்னேட்டர் பழைய டிராக்டருக்கு ஒத்துவராது.

3. டீசல் கார், ஜீப்புகளின் ஆல்டர்னேட்டர் சிலவற்றின் பின்புறம் பிரேக்குக்கான வாக்குவம் பம்பு சேர்ந்திருக்கும். அதற்கு எண்ணெய்க் குழாய் இணைப்பு வேண்டும். எண்ணெயின்றி ஓடினால் பம்பு தேய்ந்து இறுகிவிடும். அதைத் தவிர்க்க வேண்டும்.

4. 35 முதல் 55 ஆம்பியர் வரை போதும். பெரியது வாங்கினால் நல்லது என்று எண்ண வேண்டாம். 45 ஆம்பியரை 14 வோல்ட்டில் தரும்போது 630 வாட் ஆகிறது. கருவியில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால், எஞ்சினிலிருந்து ஒன்றரைக் குதிரைத் திறனுக்கு மேல் பெல்ட் வழியாக வாங்குகிறது. 100 ஆம்பியர் கருவியை முழுச் சுமையில் இழுக்கப் பழைய ஒற்றை பெல்ட் தாங்காது, வழுக்கும்.

5. கையால் சுழற்றிப் பார்த்தால் பேரிங் கரகரவென்று ஒலிக்கக் கூடாது. ஆட்டோ எலக்ட்ரீசியன் கடையில் சோதனை மேசையில் ஏற்றி, விளக்குச் சுமை கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லி வாங்குவது நலம்.

பொருத்தும் முறை

டைனமோ நீண்டு ஒல்லியாக இருக்கும். ஆல்டர்னேட்டர் குட்டையாக, பருமனாக இருக்கும். எனவே பழைய தாங்கியில் நேராக உட்காராது. கனமான இரும்புப் பட்டையில் புதிய தாங்கி செய்துகொள்ள வேண்டும். ஆல்டர்னேட்டரின் காதுகள் அலுமினியத்தால் ஆனவை. தாங்கிக்கும் காதுக்கும் இடையே உள்ள சந்தை போல்ட்டை முறுக்கி நெருக்கினால் காது வெடித்துவிடும். சந்தின் அளவுக்குக் குழாய்த் துண்டு வெட்டி இட்டு, பிறகே முறுக்க வேண்டும்.

புதிய கார்களில் பல கோடுகள் உள்ள தட்டைப் பெல்ட் வருவதால் புல்லியும் அதற்கேற்ப இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, டிராக்டரின் ‘வி’ பெல்ட் அகலத்துக்கு ஏற்ற புல்லியை லேத்தில் கடைந்து போட வேண்டும். பெல்ட் புல்லியின் அடியில் உரசாமல் இரு பக்கச் சுவர்களில் கவ்வி நிற்க வேண்டும். எஞ்சின் புல்லி, ஆல்டர்னேட்டர் புல்லி இரண்டும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று நேரான பட்டையை வைத்துப் பார்க்கவும். கோணல் இருந்தால் பெல்ட் சில நாட்களில் நார்நாராகக் கிழிந்துவிடும்.

புல்லியின் அளவைக் கணக்கிடுவது எளிது. எஞ்சின் புல்லி 6 அங்குலம், ஆல்டர்னேட்டர் புல்லி 3 அங்குலம் என்றால் ஆல்டர்னேட்டர் இரண்டு மடங்கு வேகத்தில் சுழலும். எஞ்சின் நிமிடத்துக்கு 700 சுற்று மெதுவாக ஓடும்போது ஆல்டர்னேட்டர் 1,400 சுற்று சுழலும். இரண்டரை அங்குலப் புல்லி போட்டால் இது 1,680 ஆகும். சிறிய புல்லி போட்டால் மெதுவான ஓட்டத்திலும் சார்ஜ் கிடைக்கும். டிராக்டர் எஞ்சின் 2,000 சுற்று ஓடும்போது கூட ஆல்டர்னேட்டர் 4,800 சுற்றுதான் சுழலும். கார்களில் இதைவிட வேகமாகச் சுழலும் கருவிக்கு இது சிரமமன்று.

பெல்ட்டின் நடுவே கட்டை விரலால் அழுத்தினால் அரை அங்குலம் இறங்க வேண்டும். மிக இறுக்கினால் பேரிங் கெடும், தளர்ந்தால் வழுக்கும். கருவியின் விசிறி எந்தத் திசைக்கு அமைந்தது என்றும் பார்த்துக்கொள்ள வேண்டும். எதிர்த் திசையில் சுழன்றாலும் மின்சாரம் வரும். ஆனால் வளைந்த விசிறி காற்றைச் சரியாக இழுக்காமல் கருவி சூடேறும்.

எர்த் எந்தப் பக்கம்?

எல்லாவற்றிலும் முக்கியமானது இதுதான். பாட்டரியின் எந்த முனை டிராக்டர் உடலோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் முறையில் அமைந்த பழைய வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் முனை உடலோடு இணைந்திருக்கும். இன்று கிடைக்கும் கார் ஆல்டர்னேட்டர்களுக்கு நெகட்டிவ் முனைதான் உடலோடு இணைய வேண்டும். மாற்றி இணைத்தால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யும் முன்பே டயோடுகள் கருகிவிடும்.

பாசிட்டிவ் எர்த் உள்ள வண்டியை மாற்றுவது கடினமன்று. டைனமோவைக் கழற்றிய பிறகு பாட்டரியைத் திருப்பி வைத்து, நெகட்டிவ் முனையை உடலோடு இணைக்க வேண்டும். பாசிட்டிவ் முனை சற்றுப் பருமனாக இருப்பதால் வயர் நுனியிலுள்ள கவ்விகளையும் மாற்ற நேரிடும். அம்மீட்டரின் இரு வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். பெட்ரோல் வண்டியானால் இக்னிஷன் காயிலின் இரு சிறு வயர்களையும் இடம் மாற்ற வேண்டும். பழைய ஸ்டார்ட்டர் மோட்டாரின் காந்தமும் சுருளால் ஆனதே ஆகையால், அது முன்போல அதே திசையில்தான் சுழலும். சாதாரண பல்புகளுக்கும் வேறுபாடு இல்லை.

வயரிங் செய்யும் முறை

வேலை தொடங்கும் முன் பாட்டரியின் எர்த் வயரைக் கழற்றிவிட வேண்டும். ஒவ்வொரு வயரிலும் சீட்டுக் கட்டி, அது எங்கிருந்து வந்தது என்று எழுதிவைக்கவும். கைபேசியில் படம் எடுத்துக்கொண்டால் இன்னும் நல்லது.

முதலாவது, பெரிய வயர். ஆல்டர்னேட்டரில் ‘பி பிளஸ்’ என்று குறித்த பருமனான போல்ட்டிலிருந்து, ஸ்டார்ட்டர் சுவிட்சில் பாட்டரி வயர் வந்து சேரும் போல்ட்டுக்கு ஒரு புதிய வயர் போக வேண்டும். பழைய டைனமோ வயர் 22 ஆம்பியருக்காகப் போட்டது. பெரிய மோட்டார் வைத்துவிட்டு வாய்க்காலை அகலப்படுத்தாமல் விட்டால் கரை உடையத்தானே செய்யும். அதுபோலச் சிறிய வயரில் மிகுதியான மின்சாரம் சென்றால் வயர் சூடேறும். மேலுறை உருகித் தீப்பிடிக்கும். 45 ஆம்பியர் கருவிக்கு 10 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போடுவது பாதுகாப்பானது. அதில் ஸ்டார்ட்டர் முனைக்கு அருகில் 60 ஆம்பியர் பியூஸ் ஒன்று சேர்க்க வேண்டும். சைலன்சர், விசிறி, பெல்ட் ஆகியவற்றில் படாதவாறு வயரைக் குழாயுறையிட்டுக் கட்ட வேண்டும்.

இரண்டாவது, எர்த் வயர். தாங்கியில் பெயின்ட்டும் துருவும் இருப்பதால் அதை மட்டும் நம்பக் கூடாது. ஆல்டர்னேட்டர் உடலிலிருந்து எஞ்சின் உடலுக்கு அதே பருமனுள்ள வயர் ஒன்று போட்டு, சேரும் இடத்தைப் பளபளவென்று சுரண்டி முறுக்க வேண்டும்.

மூன்றாவது, பழைய கட்டவுட் பெட்டி. இது மின் வழியிலிருந்து விலக வேண்டும். லூகாஸ் வகைப் பெட்டிகள் பலவற்றில் ஏ, ஏ1, எஃப், டி, இ என்ற ஐந்து டெர்மினல்கள் இருக்கும். ‘ஏ’ பாட்டரியிலிருந்து அம்மீட்டர் வழியாக வருவது. ‘ஏ1’ விளக்குகளுக்கும் சாவிக்கும் செல்வது. இந்த இரு டெர்மினல்களின் வயர்களையும் கழற்றி ஒன்றாக இணைத்துவிட வேண்டும். இணைக்காவிட்டால் விளக்கு, ஹாரன் எதுவும் வேலை செய்யாது. ‘டி’, ‘இ’ டெர்மினல்களிலிருந்து பெரிய வயர்களைக் கழற்றி, நுனிகளில் டேப் சுற்றிவிடவும். வேறு வகைப் பெட்டியானால் எழுத்துக்கள் மாறியிருக்கும். எந்த வயர் எங்கே போகிறது என்று டெஸ்ட் லாம்ப் வைத்துக் கண்டறிந்த பிறகே இணைக்க வேண்டும்.

நான்காவது, சார்ஜ் காட்டும் சிவப்பு விளக்கு. ஆல்டர்னேட்டரில் ‘டி பிளஸ்’ அல்லது ‘எல்’ என்று குறித்த சிறு டெர்மினலுக்கு, சாவியிலிருந்து ஒரு சிறு பல்பு வழியாக வயர் வர வேண்டும். பழைய ‘டி’ டெர்மினலில் வந்து சேர்ந்த சிவப்பு விளக்கின் மெல்லிய வயரை, இப்போது பயனற்றுக் கிடக்கும் பழைய ‘எஃப்’ வயரோடு இணைத்துவிட்டால், அதுவே ஆல்டர்னேட்டர் வரை சென்றுவிடும்.

இந்தப் பல்பை அற்பமாக எண்ணக் கூடாது. பம்புசெட்டில் முதலில் தண்ணீர் ஊற்றி நிரப்பினால்தான் பம்பு நீரை இழுக்கும். அதுபோல இந்தப் பல்பின் வழியாகச் செல்லும் சிறு மின்சாரம் காந்தச் சுருளை முதலில் உயிர்ப்பிக்கிறது. பிறகே ஆல்டர்னேட்டர் தானாக வேலை செய்யத் தொடங்கும். பல்பு 12 வோல்ட், 2 முதல் 3 வாட் இருக்க வேண்டும். எல்.இ.டி. பல்பு போட்டால் போதிய மின்சாரம் செல்லாது. சார்ஜ் தொடங்காமலே போகலாம். பல்பு இல்லாமல் வயரை நேராகச் சாவியில் கொடுப்பதும் தவறு. பெட்ரோல் வண்டியில் அப்படிக் கொடுத்தால் சாவியை மூடினாலும் எஞ்சின் நிற்காமல் ஓடக்கூடும். சாவியையே விட்டுவிட்டு நேராகப் பாட்டரியிலிருந்து கொடுத்தால் இரவு முழுவதும் மின்சாரம் கசிந்து பாட்டரி தீர்ந்துவிடும்.

சில கார் ஆல்டர்னேட்டர்களில் இரண்டு, மூன்று ஊசிகள் உள்ள சாக்கெட் இருக்கும். ‘எல்’ சிவப்பு விளக்குக்கு, ‘ஐ.ஜி.’ சாவிக்கு, ‘எஸ்’ பாட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு. வாங்கும்போதே வயருடன் கூடிய சாக்கெட்டையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ‘டபிள்யூ’ என்ற டெர்மினல் எஞ்சின் வேகம் காட்டும் மீட்டருக்கானது. அது தேவையில்லை, அதில் எதையும் இணைக்க வேண்டாம்.

அம்மீட்டர் முள் இனி என்ன காட்டும்?

புதிய பெரிய வயர் அம்மீட்டரைத் தொடாமல் நேராக ஸ்டார்ட்டருக்குப் போகிறது. 30 ஆம்பியர் அளவுள்ள பழைய அம்மீட்டர் வழியாக 45 ஆம்பியரைச் செலுத்தினால் அது கருகிவிடும் என்பதால் இப்படிச் செய்யப்படுகிறது. எனவே முள் இனிச் சார்ஜ் பக்கம் வராது. விளக்குப் போட்டால் டிஸ்சார்ஜ் பக்கம் மட்டும் சாயும். இதைக் கண்டு சார்ஜ் ஆகவில்லை என்று அஞ்ச வேண்டாம். டாஷ் போர்டில் சாவி வழியாக ஒரு சிறு வோல்ட் மீட்டரைப் பொருத்திக்கொண்டால் உண்மை நிலை தெரியும்.

சோதித்துப் பார்த்தல்

எல்லா இணைப்பும் முடிந்த பின் பாட்டரி வயர்களை மாட்டவும்; எர்த் வயர் கடைசியில். சாவியைத் திருப்பினால் சிவப்பு விளக்கு எரிய வேண்டும். எஞ்சினை ஸ்டார்ட் செய்து சற்று வேகம் கொடுத்தால் அது அணைய வேண்டும். பாட்டரி முனைகளில் அளந்தால் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை காட்ட வேண்டும். எல்லா விளக்குகளையும் போட்டு, எஞ்சினை நடுத்தர வேகத்தில் வைத்தாலும் 13.5 வோல்ட்டுக்குக் கீழே இறங்கக் கூடாது. 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டுவிட்டது என்று பொருள். அப்படியே ஓட்டினால் பாட்டரி நீர் கொதித்து வற்றிவிடும்.

விளக்குகள் எரியும்போது ‘பி பிளஸ்’ போல்ட்டுக்கும் பாட்டரி பாசிட்டிவ் முனைக்கும் இடையே மீட்டரை வைத்துப் பார்க்கவும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வயர் மெல்லியது, அல்லது இணைப்புத் தளர்ந்தது.

பின்னர் குறை தோன்றினால் சிவப்பு விளக்கே வழி காட்டும். சாவியைத் திருப்பியும் எரியாவிட்டால் பல்போ அதன் வயரோ கெட்டிருக்கும். எஞ்சின் ஓடும்போதும் முழுதாக எரிந்தால் பெல்ட்டையும், சிறு வயர் உடலில் உரசுகிறதா என்பதையும் பார்க்கவும். மங்கலாக எரிந்தால் டயோடு கெட்டிருக்கலாம். அல்லது பெரிய வயரின் இணைப்புத் தளர்ந்திருக்கலாம்.

விட்டுவிட வேண்டிய பழைய பழக்கங்கள்

எஞ்சின் ஓடும்போது பாட்டரி வயரைக் கழற்றி, எஞ்சின் நிற்கிறதா, விளக்கு எரிகிறதா என்று பார்த்துச் சார்ஜைச் சோதிப்பது டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டரில் இப்படிச் செய்தால் வோல்டேஜ் திடீரென்று எகிறி ரெகுலேட்டரும் டயோடுகளும் பழுதாகும். எஞ்சின் ஓடும்போது எந்த வயரையும் கழற்றக் கூடாது.

‘பி பிளஸ்’ போல்ட்டில் ஸ்பானரை வைத்து உடலோடு உரசிப் பொறி வருகிறதா என்று பார்ப்பதும் கூடாது. அந்தப் போல்ட்டில் எஞ்சின் நின்றிருக்கும்போதும் பாட்டரி மின்சாரம் இருக்கிறது. அதற்கு ரப்பர் தொப்பி போட்டு மூடிவைக்க வேண்டும்.

அவசரத்துக்கு வேறு வண்டியின் பாட்டரியிலிருந்து வயர் கொடுக்கும்போது பாசிட்டிவுக்குப் பாசிட்டிவ், நெகட்டிவுக்கு நெகட்டிவ் என்று இரண்டு முறை பார்த்த பிறகே கொடுக்க வேண்டும். ஆட்களும் இருட்டும் அவசரமும் சேர்ந்த நேரத்தில்தான் இந்தத் தவறு நேர்கிறது. கலப்பையோ டிரெய்லரோ டிராக்டரில் மாட்டியிருக்கும்போது மின்சார வெல்டிங் வைப்பதானால், முன்கூட்டியே பாட்டரி எர்த் வயரையும் ஆல்டர்னேட்டரின் பெரிய வயரையும் கழற்றிவிட வேண்டும்.

சேற்றுழவு முடிந்தபின் ஆல்டர்னேட்டரின் காற்றுத் துளைகளில் அடைத்த சேற்றை அகற்ற வேண்டும். நீரைப் பீய்ச்சி அடிக்காமல், உலர்ந்த பின் பிரஷ்ஷால் தட்டிவிடுவதே போதும். கதிரடிக்கும் காலத்தில் வைக்கோல் தூசி சேரும். அதையும் அகற்ற வேண்டும். பெல்ட் ஓடும்போது அருகில் குனிபவர்கள் தோள் துண்டையும் வேட்டி முனையையும் கட்டிக்கொள்வது உயிருக்குப் பாதுகாப்பு.

கழற்றிய டைனமோவையும் கட்டவுட் பெட்டியையும் பழைய இரும்புக்குப் போட்டுவிட வேண்டாம். சீட்டுக் கட்டி வீட்டில் வைத்திருந்தால், வண்டியை விற்கும் காலத்தில் பழைய நிலையிலேயே வேண்டும் என்பவர்க்குக் கொடுக்கலாம்.

வயரிங் வேலையில் பழக்கமில்லாதவர்கள் இதைத் தாமே செய்ய முற்பட வேண்டாம். நல்ல ஆட்டோ எலக்ட்ரீசியனிடம் ஒப்படைத்து, எர்த் எந்தப் பக்கம், பெரிய வயரின் பருமன் என்ன, பியூஸ் உண்டா, சிவப்பு விளக்குக்குப் பல்பு போட்டாயிற்றா என்ற நான்கு கேள்விகளையும் உடனிருந்து கேட்டு உறுதி செய்துகொண்டால் போதும். உழவு இல்லாத கோடையிலேயே இந்த வேலையை முடித்துக்கொள்வது நல்லது. நாற்று முற்றும் முன், முறைத் தண்ணீர் போகும் முன், சாவியைத் திருப்பியவுடன் டிராக்டர் வயலுக்குப் புறப்படும்.